தரை இருக்கிற சத்தம்

அந்த விடுமுறை முழுக்கக் காதுக்காரருக்கு முழங்கால் வலி. எந்த முழங்கால் என்பதில்தான் அவருக்கே உறுதி இல்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கியபோது இடது பக்கம் சாய்ந்து நடந்தவர், பல் தேய்த்துவிட்டு வந்தபோது வலது பக்கம் சாய்ந்து வந்தார். அவர் மனைவி போர்வையை மடித்துக்கொண்டே இதைப் பார்த்தார்; கேட்கவில்லை. நெடுநாள் குடித்தனத்தில் கேட்பதற்கென்று சில வேளைகளும், கேட்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதற்கென்று பல வேளைகளும் அமைந்துவிடுகின்றன.

காதுக்காரர் என்பது பட்டப்பெயர். தொழில் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடி வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலும் ஓடும் லிஃப்டுகளைப் பராமரிக்கிற நிறுவனத்தில் அவர் பழைய ஆள். மற்றவர்கள் பலகையைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். இவர் முதலில் உள்ளே ஏறி, கதவை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டு ஒரு தடவை மேலே போய்க் கீழே வருவார். "நாலாவது மாடிக்கிட்ட மூச்சு வாங்குது" என்பார். பெரும்பாலும் வாங்கும். வாங்காத நாட்களும் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. பட்டப்பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டபின் எதிர்சாட்சிகள் எடுபடுவதில்லை. வீட்டில் வாஷிங் மெஷின் சுற்றும்போதே பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று அடுத்த அறையிலிருந்து சொல்லிவிடுவார். கடைக்குப் போகச் சொல்லி மனைவி அதே அறையிலிருந்து சொல்வது மட்டும் சில சமயம் கேட்காது.

மனைவியை ஊரே டீச்சர் என்கிறது. நகராட்சி நீச்சல் குளத்தில் சிறுபிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறார். கழுத்தில் எப்போதும் ஒரு இரும்பு விசில். விடுமுறைக்கு எதற்கு விசில் என்று காதுக்காரர் கேட்டதற்கு, "காட்டுல தொலைஞ்சுட்டா ஊதலாம்" என்று சொல்லித் தோள்பையின் வாரில் கோர்த்து மாட்டிக்கொண்டார். பழக்கத்துக்குக் காரணம் கேட்டால் அது எங்கிருந்தாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

முழங்கால் வலி பொய். உண்மை என்னவென்றால், உயரத்தில் நின்று சம்பாதித்த இந்த மனிதருக்குச் சில மாதங்களாக உயரத்தில் கால் நிற்கவில்லை.

விஷயம் ஒரு ஸ்பேனரில் ஆரம்பித்தது. உயரமான ஓர் அலுவலகக் கட்டிடத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு வீட்டுக் கூடத்தில் நிற்பது மாதிரி. கை வழுக்கி ஸ்பேனர், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் விழுந்தது. ஸ்பேனர் விழுவது புதிதல்ல. சுவரில் ஒரு தட்டு, கம்பியில் ஒரு தட்டு, அடியில் ஒரு 'டங்', அதற்குப்பின் விட்டவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை; இதுதான் நடைமுறை. அன்றைக்கு ஸ்பேனர் விழுந்தது. சத்தம் வரவில்லை. காதுக்காரர் கெட்ட வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. சத்தத்தை நம்பியே பிழைத்த மனிதருக்குத் தம் காலடியில் இருக்கிற இருட்டு அடியே இல்லாத இருட்டு என்று அந்தக் கணத்தில் தோன்றிவிட்டது. கூரைமேல் அப்படியே உட்கார்ந்தார். பெட்டியைக் கீழே இறக்கச் சொல்லி, தவழ்ந்து வெளியே வந்தார்.

மறுநாள் அவருடைய கூட்டாளி ஸ்பேனரைக் கொண்டுவந்து கொடுத்தார். "கட்டடம் கட்டுனவங்க பழைய சாக்கு ஒன்ன உள்ள விட்டுட்டுப் போயிருக்காங்க. ஒரு தாங்கி மேல கெடக்கு. அதுல போய் சொகமாப் படுத்துக்கிட்டு இருந்துச்சு உன் ஸ்பேனரு." விளக்கம் இவ்வளவு எளிமையானது. காதுக்காரரின் தலை அதை உடனே ஏற்றுக்கொண்டது. கால்களுக்குத்தான் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அதிலிருந்து கூட்டாளி மேலே, இவர் மோட்டார் அறையிலும் அடித்தளத்திலும் என்று ஒப்பந்தம். கூட்டாளி நல்ல மனிதர், காரணம் கேட்கவில்லை. ஆனால் நல்ல மனிதர்களுக்கும் தோள்பட்டை உண்டு, அதிலும் சதை பிசகும். கையைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேல் அவர் கீழே, காதுக்காரர் மேலே என்று மேற்பார்வையாளர் மாற்றிவிட்டார். முடியாதென்றால் தொலைபேசி மேசை காலியாக இருக்கிறது: லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால், எடுத்து, "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லும் வேலை. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். முழங்கால் வலி அந்தத் திங்கட்கிழமைக்கான ஒத்திகை. ஒத்திகை போதவில்லை என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்தது.

விடுமுறை மனைவியின் ஏற்பாடு. "கடலா?" என்று இவர் கேட்டார். "காடு" என்றார் டீச்சர். காடென்றால் மரம், மரமென்றால் தரையில் நிற்பது என்று இவர் நிம்மதியாகத் தலையாட்டினார். அது மேகக் காடு என்பதும், மலையின் தோள்மேல் இருக்கிறதென்பதும், அங்கே வருகிறவர்கள் மரங்களுக்குக் கீழே நடப்பதைவிட மரங்களின் உச்சிக்கு நடுவே நடப்பதைத்தான் விரும்புகிறார்கள் என்பதும் விடுதிக்கு வந்து சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தபிறகே தெரிந்தது. அதில் ஒரு பள்ளத்துக்குக் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று போட்டிருந்தது. "இது என்ன, மின்சாரக் கம்பியா?" என்று கேட்டார். விடுதிக்கார அம்மா சிரித்தார். "அதுதான் சார் தொங்குபாலம். அதுக்குத்தான் எல்லாரும் வர்றாங்க."

அன்றைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி, முட்டை, பப்பாளி, நல்ல காபி. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. மழை இல்லை, ஆனால் இலைகள் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. மேகம் இங்கே மேலே போவதில்லை, நேராக வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிடும். முந்தின நாள் துவைத்துப் போட்ட காலுறை துவைத்ததைவிட ஈரமாக இருந்தது.

தாழ்வாரத்தில் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்கள் தொங்கின. கட்டைவிரல் அளவு குருவிகள் வந்து, சிறகு ரீங்கரிக்க, அந்தரத்தில் நின்றபடியே குடித்தன. காதுக்காரர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு காதைச் சாய்த்தார்.

"என்ன, மூச்சு வாங்குதா?" என்றார் டீச்சர்.

"இல்ல. அருமையான மோட்டார். எண்ணெய்கூட போட வேண்டாம்."

"நம்ம பேரப்புள்ளைக்கு ஒரு படம் எடுங்க."

அவர் எடுத்த படத்தில் கிண்ணம் நன்றாக வந்திருந்தது. குருவி கிளம்பிப் போயிருந்தது.

பொழுது மெதுவாகப் போயிற்று. பாதையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மஞ்சள் மழைக்கோட்டில் நடந்தார்கள். மரங்களுக்கெல்லாம் பாசித் தாடி. ஒரு மரத்தின்மேல் இன்னொரு செடி, அதன்மேல் வேறொன்று, கடைசியில் எது யார்வீட்டில் வாடகைக்கு இருக்கிறது என்று சொல்ல முடியாத நிலை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பூ ஒன்றைக் காட்ட, பூதக்கண்ணாடியோடு ஒரு பலகையே வைத்திருந்தார்கள். டீச்சர் குனிந்து பார்த்து, "இத்துனூண்டு இருந்துக்கிட்டு எவ்வளவு அலங்காரம்!" என்றார். காதுக்காரர் வலி இல்லாமல் நடந்தார். சமதரையில் அவருக்கு முழங்கால் ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்தது பார்வைக் கோபுரத்தின் அடியில். இரும்புப் படிகள் வளைந்து வளைந்து மேலே போய் மேகத்துக்குள் காணாமல் போயின. அவர் வலது காலைத் தடவினார்.

டீச்சர் வற்புறுத்தவில்லை. தண்ணீருக்குப் பயந்த பிள்ளையை அவர் ஒருநாளும் தள்ளிவிட்டதில்லை. 'பயப்படாதே' என்றும் சொல்வதில்லை; அப்படிச் சொன்னால், பயப்பட ஏதோ இருக்கிறது என்பது பிள்ளைக்கு உறுதியாகிவிடும். தாம் முன்னால் இறங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் ஆசையாக எடுத்துச் சொல்வார். பிள்ளை தானாக வரும். அந்த முறைப்படி அவர் கோபுரத்தில் ஏறி, உச்சியிலிருந்து கூவினார்.

"ஏங்க! இங்க என்ன தெரியுது தெரியுமா?"

"என்ன?"

டீச்சர் நாலாபக்கமும் எட்டிப் பார்த்தார். பொய் சொல்லிப் பழகாதவர். "ஒன்னும் தெரியல! எல்லாம் வெள்ளையா இருக்கு!"

"அதான் இங்கயே தெரியுதே!" என்றார் காதுக்காரர் கீழிருந்து, பெரும் நிம்மதியோடு.

டீச்சர் இறங்கி வரும்போது முகம் சரியில்லை. கணவர் கோபுரம் ஏறாததற்காக அல்ல. அவருக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்களாகக் கூடத்து பல்பை மாற்றத் தம்மைத்தான் ஸ்டூலில் ஏற்றிவிடுகிறார் கணவர். பால்கனியில் துணி காயப்போடச் சொன்னால் அறைக்குள் நாற்காலி முதுகில் போடுகிறார். ஒருநாள் ஜன்னலோரம் நின்றவர் திடீரென்று சுவரைப் பிடித்துக்கொண்டார். இப்போது இல்லாத முழங்கால் வலி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்த டீச்சர், தலைசுற்றல் என்று தமக்குள் பெயர் வைத்து, ரகசியமாகக் கைபேசியில் தேடினார். கைபேசி எதற்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது: மிக மோசமான பதில். பெரிய நோய் ஒன்றை மறைக்கிறார் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். இந்த விடுமுறையே அதற்குத்தான். ஆற அமர உட்கார்ந்தால் மனிதர் வாய்விட்டுச் சொல்வார் என்று நம்பினார். மனிதர் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். வாயை அதற்குமட்டும்தான் திறந்தார்.

மதியத்துக்குமேல் பாலத்துக்கு வந்தார்கள். அதன் வாசலில் ஒரு சின்னக் கொட்டகை, அதற்குள் ஒரு காவலர், அவர் மடியில் ஒரு வானொலி. பாலத்தின் முதல் சில பலகைகள் தெரிந்தன. அதற்குமேல் மேகம்தான் பாக்கியைச் சுமந்துகொண்டிருந்தது.

"போறதுன்னா போங்க" என்றார் காவலர். "இன்னிக்கு ஒன்னும் தெரியாது. அப்புறம் வந்து ஒன்னும் தெரியலன்னு என்கிட்ட கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டோம்" என்றார் டீச்சர்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க."

காதுக்காரர் மழைக்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கொட்டகையின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீ போயிட்டு வா. நான் இவரோட பேசிக்கிட்டு இருக்கேன்."

"முழங்காலா?"

"ஆமா."

"எது?"

"ரெண்டும்" என்றார் காதுக்காரர். அந்த விவாதத்தை ஒரேயடியாக முடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பாலத்தில் இறங்கினார். அவர் வாயிலிருந்து 'சார்' வருவது நல்ல சகுனமல்ல. அந்த வீட்டில் மரியாதை கூடினால் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். மஞ்சள் மழைக்கோட்டு வெளிர்மஞ்சளாகி, வெறும் யோசனையாகி, மறைந்தது.

காதுக்காரர் காவலரைக் கேட்டார்: "ஆழம் எவ்வளவு இருக்கும்?"

"மேல இருந்து பாத்தா நெறைய. கீழ இருந்து பாத்தா அவ்வளவு இல்ல."

இந்தப் பதிலை அவர் ஜீரணித்துக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டது. மேகத்துக்குள்ளிருந்து, மெல்லியதாக, இரும்பில் இரும்பு படுகிற சத்தம். டிக். கொஞ்ச இடைவெளி. டிக்.

அவர் எழுந்து நின்றார். "வானொலிய அணைங்க."

"ஏன்?"

"கம்பிப் பிடிப்பு ஒன்னு லூசாயிருக்கு."

காவலர் வானொலியை அணைத்துவிட்டுக் கேட்டார். "எனக்கு ஒன்னும் கேக்கலயே. போன வாரம்தான் ஆளுங்க வந்து பாத்துட்டுப் போனாங்க."

"பாத்திருப்பாங்க. கேட்டாங்களா?"

டிக். டிக். மனைவி ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது அசைகிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. எந்த அடியோடு அது விட்டுப்போகும் என்பது மட்டும் தெரியவில்லை. "அசையாத!" என்று கத்தினார். "அங்கயே நில்லு! ஒரு அடி எடுக்காத!"

"ஏன்? பாம்பா?" என்று மேகம் கேட்டது.

"பாம்பு இல்ல! பாலம்!"

"பாலம்னு எனக்கும் தெரியுது!"

அதற்குள் அவர் பாலத்தின்மேல் இருந்தார். அவர் பயத்தை வென்றார் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பயம் அதே இடத்தில்தான் இருந்தது. அதற்கு முன்னால் வேறொரு அவசரம் வந்து வரிசையில் நுழைந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு கையால் கம்பியைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு பிடிப்பையும் விரலால் சுண்டிக்கொண்டு, காதை முன்னே நீட்டியபடி நடந்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. அதுதான் அவருக்குச் சந்தேகத்தை அதிகப்படுத்தியது.

நடுப்பாலத்தில் டீச்சர் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஒரு கால் இன்னும் பாதி தூக்கியபடி.

"கால வைக்கலாமா?"

"மெதுவா வை."

டிக்.

"பாத்தியா!" என்று சொல்லிவிட்டுக் காதுக்காரர் அப்படியே பலகைமேல் குப்புறப் படுத்தார். பலகைகளுக்கு நடுவே இருந்த சந்தில் கண்ணை வைத்தார். கீழே வெள்ளை. "இன்னொரு அடி."

டிக்.

"பின்னால வை."

டிக்.

"ஏங்க, எந்திரிங்க. சட்டையெல்லாம் ஈரம்."

"பேசாத, கேக்கணும். எங்க, கொஞ்சம் குதி."

"குதிக்கவா? லூசாயிருக்குன்னு சொல்லிட்டு குதிக்கச் சொல்றீங்களே, சார்?"

"லேசா."

டீச்சர் லேசாகக் குதித்தார். டிக்-டிக்.

காதுக்காரர் தலையைத் தூக்கினார். முகத்தில் ஒரு வருத்தம் படர்ந்தது. தவறான மாடியில் இறங்கிவிட்ட ஆளின் வருத்தம். சத்தம் கீழிருந்து வரவில்லை. மேலிருந்து வந்தது. அது அவர் மனைவி முன்னால் போனால் முன்னால் போயிற்று, பின்னால் வந்தால் பின்னால் வந்தது. எந்தப் பாலத்திலும் அப்படி ஒரு பழுது கிடையாது.

"அந்தப் பையத் திருப்பு" என்றார்.

தோள்பையின் பக்கவாட்டில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். வாரில் கோர்த்த விசில் அதன்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் பையை ஆட்டினார். டிக். இன்னொரு தடவை ஆட்டினார். டிக்.

முதலில் யார் சிரித்தார்கள் என்பதில் பின்னால் கருத்துவேறுபாடு ஏற்பட்டது. டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்து, நிற்க முடியாமல் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஊரு ஊரா லிஃப்டுக்கு வைத்தியம் பாக்குற காது! பொண்டாட்டி பை கேக்கல!" சிரித்ததில் விக்கல் வந்தது. பாட்டிலை எடுத்துத் திறந்தார். மூடி கைநழுவி, பலகையில் ஒரு தடவை உருண்டு, சந்து வழியாகக் கீழே போயிற்று.

காதுக்காரரின் சிரிப்பு நின்றது. கண்ணைச் சிமிட்டாமல் அந்தச் சந்தைப் பார்த்தார். கை கம்பியை இறுகப் பிடித்தது. டீச்சர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தவர், அந்த முகத்தைப் பார்த்ததும் விக்கலையும் நிறுத்திக்கொண்டார்.

ஒன்றும் கேட்கவில்லை. இலைகள் சொட்டுவதுகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

டங்.

பிறகு, ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குப் போன மாதிரி, டிங். அதற்குப்பின் தண்ணீர் எதையோ விழுங்குகிற சின்னச் சத்தம்.

"இருக்கு" என்றார் காதுக்காரர்.

"என்ன இருக்கு?"

"தரை."

"பின்ன, இல்லாமயா போகும்?"

அப்போதுதான் சொன்னார். ஈரச்சட்டையோடு, தொங்குபாலத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பேனரில் ஆரம்பித்து, சாக்கு, கூட்டாளியின் தோள்பட்டை, தொலைபேசி மேசை, திங்கட்கிழமை என்று வரிசையாகச் சொன்னார். "எல்லாம் தெரியும் எனக்கு. சாக்குன்னு தெரியும். ஆனா அந்தச் சத்தம் வரல. வராததால இன்னும் விழுந்துக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கு."

டீச்சர் கடைசிவரை கேட்டார். பிறகு கேட்டார்: "அவ்வளவுதானா?"

"என்ன, அவ்வளவுதானா?"

"வேற ஒன்னும் இல்லயே? தலையில? நெஞ்சுல? டாக்டர்கிட்ட போயிட்டு வந்து மறைக்கலயே?"

"டாக்டரா? எனக்கா? ஏன்?"

டீச்சர் மழைக்கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தார். மழைக்கோட்டே ஈரமாக இருந்ததால் அதில் பெரிய பயன் இல்லை. "தலையில கட்டியோ என்னமோன்னு எத்தனை நாளா செத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா? ஒரு ஸ்பேனர் கீழ விழுந்துச்சு, சத்தம் வரலன்னு சார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேன் சார்! முழங்கால்! முழங்காலாம் முழங்கால்!" மூடி இல்லாத பாட்டிலால் அவர் தோளில் ஒன்று வைத்தார். தண்ணீர் சிந்தியது. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு வந்தது. ஒருவருக்கு, கணவருக்கு நோய் இல்லை என்பது தெரிந்தது. இன்னொருவருக்குத் தம்மை நோயாளியாக்கி ஒருத்தி இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தாள் என்பது தெரிந்தது. இதில் எது பெரிய நிம்மதி என்று சொல்வது கடினம்.

மேகத்தைக் கிழித்துக்கொண்டு காவலர் வந்து சேர்ந்தார். "என்ன ஆச்சு? லூசு எங்க இருக்கு?"

"இதோ, உக்காந்திருக்கே" என்று டீச்சர் கணவரைக் காட்டினார்.

காவலர் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு வழக்கு இருந்தது. "கீழ ஏதோ விழுந்துச்சே. சத்தம் கேட்டுச்சு."

"அது மட்டும் கேட்டுச்சா?" என்றார் காதுக்காரர்.

"காட்டுக்குள்ள எதையும் போட்டுட்டுப் போகக் கூடாது. அந்தப் பக்கம் போனா ஓடைக்கு எறங்குற படி இருக்கு. எறங்கி எடுத்துட்டு வந்துடுங்க."

ஆக, பாலத்தின் மீதிப் பாதியையும் நடந்துதான் தீர வேண்டும். இப்போது அவசரம் எதுவும் இல்லாததால் பயம் தன் பழைய இடத்துக்கு வந்து நின்றது. காதுக்காரர் அதை மறைக்கவும் இல்லை. டீச்சர் முன்னால் போனார். திரும்பி, "விசில எடுத்து உள்ள வச்சுடவா? தொந்தரவா இருக்கா?" என்றார்.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

டிக், டிக் என்று அது முன்னால் போக, அதைக் கேட்டுக்கொண்டே, ஒரு கையால் கம்பியையும் மறுகையால் மனைவியின் மழைக்கோட்டு நுனியையும் பிடித்துக்கொண்டு அக்கரை போய்ச் சேர்ந்தார். பார்ப்பதற்குக் கம்பீரமாக இல்லை. நல்லவேளை, மேகம் இருந்தது.

ஓடைக்கு இறங்கும் படிகள் வழுக்கலாக இருந்தன. தரையைப் பார்க்கிற ஆசையில் அவர் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். பின்னாலிருந்து குரல் வந்தது. "முழங்கால்?"

நின்றார். யோசித்தார். மரியாதைக்காக இரண்டு படி நொண்டினார். அதற்குப்பிறகு அந்த வலி அவரை விட்டுப் போயே போயிற்று.

மூடி கிடைக்கக் கொஞ்சநேரம் ஆயிற்று. இரண்டு பாறைகளுக்கு நடுவே, முழங்கை நனைகிற ஆழத்தில் கிடந்தது. ஓரம் நசுங்கியிருந்தது. காதுக்காரர் அதைப் பாறையில் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். டங். சரி என்பதுபோலத் தலையாட்டினார். நிமிர்ந்தபோது மேகம் விலகி, தலைக்குமேல் பாலம் தெரிந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய கொடிக்கயிறு மாதிரி. அதில் யாரோ இரண்டு பேர், காயப்போட்ட துணிகள்போல, ஆடிக்கொண்டு போனார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் காதுக்காரர்.

"காவலர் சொன்னார்னு வழியில சொன்னீங்கல்ல. கீழ இருந்து பாத்தா அவ்வளவு இல்லன்னு." டீச்சர் ஒரு பாறையில் உட்கார்ந்து ஷூவிலிருந்த தண்ணீரைக் கொட்டினார். "திங்கட்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

அவர் மூடியைக் கையில் உருட்டினார். "ஏறிடலாம்னு பாக்குறேன். ஏறுனதும் முதல்ல ஒரு நட்டக் கீழ போடுவேன். சத்தம் வந்துச்சுன்னா வேலையப் பாக்க வேண்டியதுதான்."

"கீழ யாராவது நின்னுக்கிட்டு இருந்தா?"

"அப்பவும் சத்தம் வரும். வேற மாதிரி வரும்."

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பியபோது, விடுதிக்கார அம்மா காபியோடு வந்து, "பாலம் பாத்தீங்களா? மேகத்துல ஒன்னும் தெரிஞ்சிருக்காதே, பாவம்" என்றார்.

"ஆமா, தெரியல" என்றார் டீச்சர். "ஆனா நல்லா கேட்டுச்சு."

இரண்டு பேரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். குருவிகள் இன்னும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. டீச்சர் குடித்து முடிப்பதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காதுக்காரர் அதே அலுவலகக் கட்டிடத்துக்குத்தான் போனார். கூட்டாளி ஒரு தோளில் கட்டோடு, கீழ்த்தள வாசலில் நின்றார். அவரைக் கதவைவிட்டு நன்றாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இவர் பெட்டியின் கூரைமேல் ஏறினார். கால் நடுங்கத்தான் நடுங்கியது. சட்டைப் பையிலிருந்து பழைய நட்டு ஒன்றை எடுத்தார். பாதுகாப்பு விதிகளின்படி இது தவறு. விதிகளைப் புதுப்பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். சந்தில் விட்டுவிட்டுக் காதைச் சாய்த்தார்.

நட்டின் சத்தம் வந்ததா என்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முன்பாகவே, குழி முழுக்க எதிரொலிக்க, அடியிலிருந்து கூட்டாளியின் குரல் வந்துவிட்டது.

"யோவ், காது! என்னய்யா போட்ட?"

"ஒன்னுமில்ல" என்றார் காதுக்காரர். ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "நீ அப்பப்ப ஏதாவது திட்டிக்கிட்டே இரு."